வாழைத்தண்டுக் காலம்

2003 ஆகஸ்ட் 19, செவ்வாய்

இந்த வாரத்தில் இரண்டாவது வாழைத்தண்டு. மாடக்கண்ணு கொண்டுவந்தான். என் மனைவி சொர்ணத்தாயின் தம்பி, மெயின் ரோட்டில் டயர்க்கடை வைத்திருக்கிறான் என்பதற்கு மேல் அவனைப் பற்றி எழுத ஒன்றும் கிடையாது. பைக்கை நிறுத்துவதற்குள் தெரு முழுவதும் கேட்கிற மாதிரி, "அத்தான், கல்லு எப்படி இருக்கு?" என்றான். கல் ஏதோ எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிற பையன் மாதிரி.

கல் என்று சொன்னவன் நான்தான். ஏப்ரலில் திருநெல்வேலி டாக்டர் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார். ஆண்மைச் சுரப்பை நிறுத்தினால் நோய் அடங்கிக் கிடக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்றார். நர்ஸ் பக்கத்தில் நிற்கிறாள். அவர் பாட்டுக்கு ஆண்மை, ஆண்மை என்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்பது வயதில் அந்தச் சொல்லை என் பெயரோடு சேர்த்து ஊர் வாயில் கேட்கத் தைரியம் இல்லை. மூத்திரப் பையில் கல் என்று சொல்லிவிட்டேன். கல் என்றால் இந்த ஊர் வாழைத்தண்டைத் தூக்கிக்கொண்டு வரும் என்று யோசிக்கவில்லை.

பொரியல், கூட்டு, காலையில் வெறும் வயிற்றில் சாறு. ஐந்து மாதமாக. இல்லாத கல்லைக் கரைக்கிறோம்.

ஆகஸ்ட் 20, புதன்

சவரம் செய்தேன். பிறகு படுத்தேன். அவ்வளவுதான் இன்று.

ஆகஸ்ட் 23, சனி

இன்று குழாயில் தண்ணீர் வந்தது. முன்னே வந்து பத்து நாளுக்கு மேல் இருக்கும்.

எங்கள் தெருவில் குழாய் குழிக்குள் இருக்கிறது. மேலே வைத்தால் தண்ணீர் ஏறாது. சொர்ணம் குழிக்குள் இறங்கிப் பிடிப்பாள், நான் குடத்தை வாங்கி உள்ளே கொண்டுபோய் ஊற்றுவேன். முதலில் குடிக்கிற செப்புத் தவலை, அடுத்து சமையல் டிரம், கடைசியில் குளியல் தொட்டி. இந்த வரிசை நான் ஏற்படுத்தியது.

இரண்டாவது குடத்திலேயே முழங்கால் மடங்கியது. விழவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன், மடியில் குடம். தண்ணீர் வேட்டியில் இறங்கி ஓடியது. ஒரு நாள் சமையலுக்கு ஆகும் தண்ணீர். எதிர்வீட்டு இசக்கிசெல்வி இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்தவள், "தாத்தா, நீங்க உள்ள போங்க. நா ஊத்துதேன்" என்றாள். நல்ல பெண். அந்த இரக்கத்துக்கு வாழைத்தண்டே மேல்.

முப்பது வருடத்துக்கு மேல் தீப்பெட்டி ஆலைச் சோதனைக் கூடத்தில் இருந்தவன் நான். நமத்த குச்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பார்வைக்கு ஒரு குறையும் இருக்காது. உரசினால் மருந்து மட்டும் இழைந்துகொண்டு வரும், பற்றாது. ஒரு பெட்டியில் அப்படி ஐந்து இருந்தால் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்புவோம். என்னை எங்கே திருப்பி அனுப்ப?

நான் படியில் உட்கார்ந்திருந்த நேரம் மாயகிருஷ்ணன் வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற சார்பதிவாளர். இந்தத் தெருவில் என்னோடு புத்தகம் பேசக்கூடிய ஒரே மனிதர். குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார். அவர் போட்டால் எங்கள் குழியில் நூல் மாதிரி இறங்கும். நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். எப்படிக் கேட்பது?

ஆகஸ்ட் 27, புதன்

சாப்பிடும்போது கழுத்திலிருந்து நெற்றிவரை அனல் ஏறியது. பனியன் நனைந்துவிட்டது. நாளுக்கு நாலைந்து முறை இப்படி. ஊசியின் வேலை.

சொர்ணம் விசிறியை நீட்டினாள். "எனக்கு நாப்பத்தேழு வயசுல இது வந்துச்சு. ரெண்டு வருசம் அடுப்படியில நின்னு வெந்தேன். அப்ப யாராவது வாழத்தண்டு தூக்கிட்டு வந்தாவளா?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விசிறி வேண்டாம் என்றேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மாயகிருஷ்ணன் வந்திருந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ். காலை முழுவதும் பேசினார். நாட்டில் நேர்மை குறைந்துவிட்டதைப் பற்றி. மோட்டார் வைத்திருக்கிறவர்!

நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டேன். அவர் வரப்போகிறார் என்று தெரிந்ததும் சவரம், துவைத்த வேட்டி, இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. ஊசியால் மார்பு தடித்துப்போயிருக்கிறது, அதன் மேல் ஒரு துண்டு. நடுவில் இரண்டு முறை இடுப்பைப் பிடித்து முகத்தைச் சுளித்தேன், கல் வலி என்று காட்ட. என்ன நடிப்பு! "அண்ணாச்சி, முகத்துல தெளிச்சி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியதும் தரையிலேயே படுத்தேன். எழுந்தபோது சொர்ணம் விளக்கு வைத்திருந்தாள்.

ரத்தத்தில் ஏதோ ஒரு எண் நன்றாக இறங்கியிருக்கிறதாம். டாக்டருக்கு அதில் சந்தோஷம். அசதி என்று சொன்னால், "தினமும் நடங்க சார், நடந்தாத்தான் அசதி குறையும்" என்கிறார். நடக்க முடியவில்லை என்கிறவனுக்கு நடையே மருந்தாம். இதற்கு ஒரு படிப்பு.

அக்டோபர் 7-ஆம் தேதி அடுத்த ஊசி. போகப்போவதில்லை. எதைக் காப்பாற்ற? வந்தவர்கள் முன்னால் காலையில் அரைநாள் நடித்துவிட்டு மிச்ச நாள் சாக்குமூட்டையாகக் கிடக்கிற இதையா?

எழுதிவிட்டேன். எழுத வைத்தது எது? பயமா, அசதியா? எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

சொர்ணத்திடம் சொன்னேன். ஊசி போடாவிட்டால் நோய் மறுபடி கிளம்பும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆறுதல் சொல்ல வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பத்து நாளைக்கு ஒருக்க வர்ற தண்ணிய வச்சு நா குடும்பம் நடத்துதேன். தண்ணி இல்லன்னு ஒருநாளாவது ஒங்களுக்குச் சோறு இல்லாம போச்சா? ஒங்க ஒடம்புல தெனமும் கொஞ்சம் தெம்பு ஊறுதுல்லா, அத வச்சு ஒரு பொழுத ஓட்டத் தெரியல. வாரவன் போறவன் கால் கழுவ அம்புட்டயும் ஊத்திட்டு, மத்தியானமே கொடம் காலின்னு படுத்துக்கிடுதீங்க. பி.எஸ்ஸி. படிச்சவியளாம்."

முறத்தை எடுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 6, சனி

படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்னிடம் இப்படிப் பேசலாமா என்று காலை முழுவதும் பொருமினேன். பொருமுவதற்கும் தெம்பு செலவாகிறது என்று பிறகுதான் தெரிந்தது.

அவள் சொன்னதை ஒரு சோதனையாக எடுத்துப் பார்ப்பது. நம்பிக்கையினால் அல்ல. தப்பு என்று நிரூபிப்பதற்காக.

செப்டம்பர் 10, புதன்

சவரம் ஒன்றுவிட்டு ஒருநாள் என்று ஆக்கினேன். குளிக்க ஸ்டூல். விடியும்போது இருக்கிற தெம்பு குடிதண்ணீர். அதை யாருக்கும் தருவதில்லை. அதில் தெருமுனை வேப்பமரம் வரை போய்வருகிறேன், கால்மணி படுக்கிறேன், பிறகு பேப்பர். யாராவது வந்தால் சொர்ணம், "அவிய தூங்குதாவ" என்கிறாள். நான் உள்ளே கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறேன். பேப்பரில் தலையங்கம் முழுவதையும் படித்தேன், ஜூலைக்குப் பிறகு முதல்முறையாக. அபத்தமான தலையங்கம்.

சோதனை இன்னும் முடியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

தண்ணீர் வந்த நேரத்தில் மாயகிருஷ்ணனும் வந்து சேர்ந்தார். கையில் ஆப்பிள். சொர்ணம் குழிக்குள் நிற்கிறாள், குடம் நிரம்பி நிற்கிறது, நான் குடத்தைத் தூக்குவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். வழக்கமாக நான் எழுந்து, "வாங்க சார், உட்காருங்க, காப்பி" என்பேன். எழுந்தால் அன்றைய தெம்பில் பாதி போகும். உட்கார்ந்தபடியே சொன்னேன்:

"சார், உக்காராதீங்க. அந்தக் கொடத்த உள்ள வச்சிருங்க."

இது என் வாயிலிருந்தா வந்தது? அவர் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்கு இடுப்புப் பிடிப்புல்லா அண்ணாச்சி" என்றார். ஆப்பிளைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டு மோட்டார் உடனே ஓட ஆரம்பித்தது.

அடுத்து மாடக்கண்ணு வாழைத்தண்டோடு. அவனிடமும் அதையே சொன்னேன். தண்டை என் மடியில் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கினான். பாதியைத் தரையில் சிந்தினான். குடிதண்ணீரைக் குளியல் தொட்டியில் ஊற்றினான். "வரிசை, வரிசை" என்று கத்தினேன். "தண்ணிக்கு என்ன அத்தான் சாதியா இருக்கு?" என்றான். ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யத் தெரியாதவன். ஆனாலும் எல்லாம் நிறைந்துவிட்டது.

செப்டம்பர் 22, திங்கள்

மாயகிருஷ்ணன் வருவதில்லை. நல்லது.

முன்னைவிட ஒரு நாளை ஓட்ட முடிகிறது. சொர்ணம் சொன்னதில் பிழை இல்லை, அவளிடம் சொல்லவில்லை. ஆனால் ஊசிக்குப் போவதாக இல்லை. அடுத்த ஊசி இந்தக் கொஞ்சத்தையும் உறிஞ்சிக்கொண்டால்? தெரு முழுக்கக் கல் என்று சொல்லிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்னும் எத்தனை வருடம்?

சொர்ணம் அக்டோபர் 7 பற்றிப் பேச்செடுப்பதில்லை. திருநெல்வேலிக்கு எடுத்துப்போகிற பையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். நான் பார்க்கிற இடத்தில்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மாடக்கண்ணு வந்தான். சொர்ணம் கடைக்குப் போயிருந்தாள். கையில் தண்டு. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. நிறுத்துடா என்று கத்தினேன். கத்துகிற தெம்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"கல்லும் இல்ல, ஒரு மண்ணும் இல்லலே! புத்து! புராஸ்டேட்ல புத்து. ஆம்பளைக்கு உண்டானத நிப்பாட்டுததுக்கு ஊசி போட்டிருக்கு. அதான் இப்படிக் கெடக்கேன். இனிமே ஊசி போடப் போகல. போதும்."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன், டாக்டர் முன்னால் பார்த்த மாதிரியே.

அவன் தண்டை மேசையில் வைத்தான். "தெரியும் அத்தான். அக்கா ஏப்ரல் மாசமே சொல்லிட்டாவ."

"தெரியுமா? அப்ப எதுக்குலே இத்தன வாழத்தண்டு?"

"நீங்க கல்லுன்னு சொன்னீங்க. நீங்க சொன்னா கல்லுதான்." சட்டைப் பையில் எதையோ தேடினான், ஒன்றும் எடுக்கவில்லை. "வெறுங்கையோட வந்தா தெருவுல என்னமும் நெனப்பாவ. மாயகிருஷ்ணன் கடைக்கே வந்து கேட்டாரு, என்ன நோயின்னு. மொச்சக்கொட்ட மாதிரி கல்லுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மேசையில் இருந்த தண்டைக் காட்டினான்.

"மார்க்கெட்டுல நா போனாலே கடைக்காரன் தண்ட எடுத்து வச்சிருதான். என் பொண்டாட்டி கேக்கா, ஒங்க அத்தானுக்குக் கல்லா மலையான்னு. ஆறு மாசமா சுமக்கேன் அத்தான். நீங்க பாதியில நிப்பாட்டினா நா சுமந்ததுக்கு என்ன அர்த்தம்?"

அவன் கண் கலங்கியிருந்தது. அசிங்கமாக அழுகிறான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. துண்டை நீட்ட எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தோன்றியது. மார்பில் போட்டிருந்த துண்டை எடுத்து நீட்டியபோதுதான், ஆறு மாதத்தில் முதல்முறையாக ஒருவன் முன்னால் அதை எடுத்திருக்கிறேன் என்று தெரிந்தது. அவன் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான். வேறெங்கும் பார்க்கவில்லை.

அவன் முன்னால் இடுப்பைப் பிடித்துக் காட்டியிருக்கிறேன், எத்தனை முறை! அவனும், "வலிக்குதா அத்தான்" என்று கேட்டிருக்கிறான். இரண்டு பேருமாக நடித்திருக்கிறோம். அதில் அவன் என்னைவிடத் திறமைசாலி என்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

நாளைக்காக இன்று சவரம் இல்லை, பேப்பர் இல்லை, வேப்பமரம் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

போட்டாயிற்று. வயிற்றுச் சதையில்.

மாடக்கண்ணு கடையை மூடிவிட்டுக் கூட வந்தான். பஸ்ஸில் கயத்தாறு வரை பேசிக்கொண்டே வந்தான். கயத்தாறு தாண்டியதும் அவன் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். டயர் நாற்றம்.

அக்டோபர் 12, ஞாயிறு

ஐந்து நாளாக மோசம். ஊசிக்குப் பிறகு இப்படித்தான் என்று தெரிந்திருந்ததால் முன்போலப் பயமில்லை. குறைச்சலாக வந்தால் குறைச்சலாக ஊற்றவேண்டியதுதான். வேப்பமரத்துக்குப் பதில் எங்கள் வாசல் வரை. அங்கேயே நாற்காலி. முண்டா பனியனோடு உட்கார்ந்திருந்தேன், மேலே துண்டு இல்லாமல். வானம் கறுத்து நிற்கிறது, மழை இறங்கவில்லை.

பைக் வந்து நின்றது.

"அத்தான், கல்லு எப்படி இருக்கு?"

எதிரே தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த இசக்கிசெல்வி நிமிர்ந்தாள். அடுத்த வாசலில் மாயகிருஷ்ணனின் பேப்பர் கொஞ்சம் கீழே இறங்கியது.

இன்றைக்கு இருந்த தெம்பில் பாதியை அதற்கே எடுத்தேன். தெரு முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"பாதி கரஞ்சிருக்கு மாப்ள. விடாம கொண்டா!"

மத்தியானம் பொரியல். கொஞ்சம்கூட ருசி இல்லை. மறுபடி வாங்கிக்கொண்டேன்.