தலையை எடுத்துப்போடுவேனுங்க

கணபதி, கோயமுத்தூர்.
ஞாயிறு, பூசை முடிந்து.

கொங்கு மண்டலத்தின் துப்பறியும் பேரரசி, என் தங்கை கரோலின் பெற்றெடுத்த ஜோவிதா அம்மணிக்கு, லேத் பட்டறைச் சக்கரவர்த்தி மரியஅந்தோணி மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கட்டில் நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம்தானே?

நீ அனுப்பிய நாவலின் கடைசி அத்தியாயத்தைப் பட்டறையில் உரக்க வாசித்தேன். நாலு லேத்தும் தாமாக நின்று கேட்டன. கரண்ட் போய்விட்டது என்பது பொறாமைக்காரர்கள் பேச்சு.

கொலை மிரட்டல் விடுகிறவன் 'ங்க' போட்டுப் பேசுவானா, வாசகர் சிரிப்பார், அதை வெட்டிவிடலாம் என்கிறாராமே சென்னைப் பதிப்பாசிரியர்? நீயும் வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்லப்போகிறாயாம். அடிப்பாவி! அதை வெட்டினால் கதையில் மிச்சம் என்ன?

காந்திபுரம் துப்பறியும் ஆபீசில் நீ இருந்தபோது, உடுமலைப்பேட்டைத் தேங்காய் வியாபாரி குமாரசாமிக்கு நாவலில் வரும் அந்த மிரட்டல் போன் நிஜமாகவே வந்ததே. "இன்னா பெர்சு, தோப்ப எய்தி குட்துடு" என்று மெட்ராஸ் ரவுடி கணக்காகத் தொடங்கியவன், முடிக்கையில் "இல்லாட்டி தலையை எடுத்துப்போடுவேனுங்க" என்றான். எல்லோரும் மெட்ராஸில் ஆள் தேடினார்கள். நீதான் அந்தப் பதிவை நாலாயிரம் தடவை கேட்டு, "வெளியாள் இல்லீங்க. உங்களுக்கு மரியாதை குடுத்தே பழகின வாய்ங்க" என்றாய். பார்த்தால் சொந்த மருமகன்! மாமனார் தலையை எடுக்கத் துணிந்தவனுக்கு மரியாதையை எடுக்கத் துணிவில்லை. பதினாலு உலகத்துத் துப்பறிவாளர்கள் கூடினாலும் அந்த ஒரு 'ங்க' காதில் விழுந்திருக்குமா?

இன்னொரு சேதி. உன் அப்பா பெனடிக்ட், மகள் வேவு பார்க்கிறாள் என்று வெட்கப்பட்டு, அந்த வேலையில் நீ இருந்த எட்டு வருஷமும் நீ இன்சூரன்ஸ் ஆபீசில் இருப்பதாகவே கோயிலில் சொல்லிவந்தவர். நேற்று கரோலின் இந்த வெட்டு விவகாரத்தைச் சொன்னதும், பேப்பரை இறக்காமலே, "மச்சான், எடுக்க வேண்டாம்னு எழுதிப்போடுங்க. எம்புள்ள காதுல உழுந்தது தப்பாதுங்க" என்றார். இன்று பூசை முடிந்து ஃபாதரை வழிமறித்து, "எம்புள்ள டிடெக்டிவா இருந்தவளுங்க ஃபாதர்" என்று ஆரம்பித்தவர், அரைமணி நேரம் விடவில்லை. கேட்டு நின்ற கூட்டம் நாற்பதாயிரம் இருக்கும்.

இதை நான் சொன்னதாக அப்பாவிடம் காட்டிக்கொள்ளாதே. பதிப்பாசிரியருக்கு ஒரே வரியில் மறுத்து எழுது. எழுதிய கையோடு, வழக்கம்போல் அம்மா போனுக்குப் பேசாமல், அப்பா போனுக்கே ஒரு தரம் கூப்பிடு கண்ணு. காலையிலிருந்து அதைச் சட்டைப்பையில் வைத்து வைத்து எடுத்துப் பார்க்கிறார்.

மாதா உன்னைக் காக்கட்டும்.

மாமன்,
மரியஅந்தோணி