மன்னிக்கு விட்ட மூலை

என் செல்ல மன்னிக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. அண்ணா காலமான பிறகு மகனோடு இருக்கக் கனடாவுக்குப் போனவள், அங்கேயே முடிந்துவிட்டாய். ஃபோனில் கேட்டபோது எனக்கு அழக்கூட வரவில்லை. கோபம்தான் வந்தது.

போன வாரம் உன் மகன் ரகு ஒரு பார்சல் அனுப்பினான். உள்ளே நோட்டுப் புத்தக அளவில் ஒரு மரப்பலகை. ஏரி, பாறை, சிவந்துபோன மரங்கள். படம் வரைகிற தோழிகளோடு காட்டில் கூடாரம் போட்டு நீ வரைந்த கடைசிப் படமாம். வலது கீழ்மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒன்றுமே இல்லை.

பார்த்ததும் புரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சமையலை முடித்துவிட்டு, வலியசாலையிலிருந்து நடந்துபோய்க் கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, வேளிக் காயலுக்கு வரையப் போவோமே, அங்கே நாம் போட்டுக்கொண்ட சட்டம் அது. ஒருத்தி படத்தில் ஒரு மூலை மற்றவளுக்கு. ஆசையில் நான் அந்த மூலைவரை தூரிகையைக் கொண்டுபோனால் கையைத் தட்டிவிடுவாய். "மதி, மதி, போறும். அது என்னோட எடம், கேட்டியா?" என்பாய். என் காயலில் உன் கொக்கு நிற்கும். உன் தென்னையடியில் என் தோணி கிடக்கும்.

அன்றே வாட்டர்கலரைக் குழைத்தேன். ஆயில் பெயிண்டுக்காகப் பூச்சு கொடுத்த பலகை. நான் வைத்த நிறமெல்லாம் ஒட்டாமல் திரண்டு வழிந்துவிட்டது. எனக்கு வாட்டர்கலர் மட்டும்தான் வரும் என்று உனக்குத் தெரியாதா, மன்னி?

ரகுவைக் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். "அம்மாவோட மத்த படத்துல எல்லாம் அந்த மூலைய ஒரு வெள்ளக்கார மாமிதான் வரைவா, அத்தை. பக்கத்துல உக்காந்து வரையறவா. அம்மா போனப்புறம் இதைத் தொடமாட்டேன்னுட்டா. அதான் உனக்கு அனுப்பினேன்."

உன் மற்ற படங்களை அவன் எடுத்து அனுப்பிய போட்டோக்களைப் பழவங்காடியில் ஓர் இன்டர்நெட் கடையில் திறந்து பார்த்தேன். எல்லாப் படத்திலும் அந்த மூலையில் உன் கை இல்லை, அந்த மாமியின் கை. ஒன்றில் உதிர்ந்த இலைகள், ஒன்றில் படகு. அழகாகத்தான் இருந்தன. எனக்கு வயிறெரிந்தது. என் இடத்தைக் கொடுத்துவிட்டாய். ஒரு கடிதத்திலாவது சொன்னாயா? சொல்லியிருந்தால் நான் என்ன, சண்டையா போட்டிருப்பேன்? போட்டிருப்பேன்.

நேற்று பலகையைத் துடைத்து, ரகுவிடம் விலாசம் கேட்டு வாங்கி, தம்பானூர் போய் அந்த மாமிக்கே தபாலில் அனுப்பிவிட்டேன். நீ வரைந்த அந்த ஏரிக்கரையை அவள் பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததில்லை, இனிப் பார்க்கப்போவதும் இல்லை. அவள் வரைவாளோ, அப்படியே உள்ளே வைத்துவிடுவாளோ, தெரியாது.

இன்று வேளிக்குத் தனியாகப் போனேன். பழக்க தோஷம், மூலையை விட்டுத்தான் வரைந்தேன். யார் வந்து வரையப்போகிறார்கள்? ஒருவரும் இல்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன் மன்னி, உன் இடத்தை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

உன் நாத்தனார்,
லலிதா