இழுத்துப் போட்ட குரல்

என் ஆசை மச்சான் சுகுவுக்கு,

எங்கே இருந்தாலும் கையில் இருக்கிற வேலையை ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு இதைக் கேள். அங்கேயும் யாருடைய வேலையையாவது இழுத்துப் போட்டுக்கொண்டுதான் செய்துகொண்டிருப்பாய், எனக்குத் தெரியும். எனக்கு உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. அந்தத் தாலாட்டை எங்கேடா வைத்தாய்?

இந்த ஞாயிற்றுக்கிழமை உன் மகளுக்குக் காது குத்துகிறோம். உன் வருஷத் திதி முடிந்துவிட்டது, இனி நல்ல காரியம் செய்யலாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பூந்தமல்லியில் சின்னதாக ஒரு மண்டபம். யாழினி என்று மலர்தான் பெயர் வைத்தாள். கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. டப்பா, தட்டு, என் மண்டை என்று எது கிடைத்தாலும் தட்டுகிறாள். அது என் புத்தியாம், எல்லாரும் சொல்கிறார்கள். மூக்கு மட்டும் அப்படியே நீ. பாவம், பெண் குழந்தை.

மலர் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணா, அவரு பாப்பாவுக்குன்னு ஏதோ பாடி வெச்சிருக்காருன்னு சொன்னியே. காது குத்தும்போது அதப் போடுண்ணா."

அவளிடம் உன் குரல் இல்லாமல் இல்லை. போன் நிறைய இருக்கிறது. எல்லாம் ஒரே வாக்கியம்: "ஓ.டி.ல கீறேன்மா, லேட்டாவும்." அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ் ஏறிவிட்டாயா, இல்லை கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கிறாயா என்று அவளுக்கு ஒருநாளும் புரியாது. அப்படிக் குழப்பிவிடுவதில் உனக்கு ஒரு சந்தோஷம். அதையா குழந்தைக்குப் போட்டுக் காட்டுவது? "அவளுக்குன்னு அவ அப்பா பேசினது ஒன்னுகூட இல்லண்ணா" என்றாள் மலர். இதோ எடுத்துத் தருகிறேன் என்று எவ்வளவு தைரியமாகச் சொன்னேன் தெரியுமா?

நாம் பாட்டு ரெகார்ட் செய்கிற உன் பின்னறையில், உன் கம்ப்யூட்டரில், 'பாப்பா' என்று நீ பெயர் வைத்த ப்ராஜெக்டைத் திறந்தேன். இரண்டு ட்ராக் இருந்தன. ஒன்று நான் வாசித்த டோலக். இன்னொன்று 'சுகு குரல்'. பெயர் இருக்கிறது, நீ கொடுத்த ரோஸ் நிறம் இருக்கிறது, பாட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நீளம்கூட இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. ஃபைலைக் காணோம் என்று திரை சொல்கிறது. ப்ளே பண்ணினால் உன் ட்ராக்கில் ஒரு மூச்சுகூட இல்லை.

அப்புறம்தான் அந்த நாள் ஞாபகம் வந்தது. ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவுக்கு யாரோ கேட்ட அம்மன் பாட்டை நாம் மிக்ஸ் செய்துகொண்டிருந்தோம். திடீரென்று உனக்குத் தாலாட்டு வந்துவிட்டது. புதுசாக ஒன்று திறக்கலாம் என்றேன். "தொறக்கறதுக்குள்ள மெட்டு ஓடிப்பூடும் மாமே" என்று அம்மன் பாட்டின் மேலேயே ஒரு ட்ராக் போட்டுப் பாடினாய். நான் டீ வாங்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் பாடி முடித்திருந்தாய். அப்புறம் 'பாப்பா'வைத் திறந்து, அங்கிருந்து இங்கே ட்ராக்கை மவுஸால் பிடித்து இழுத்தாய். "ஃபைல் வந்துச்சா பாருடா" என்றேன். "இன்னா பெரிய வித்த? இழுத்துப் போடு, தானா வந்துடும்" என்றாய்.

வரவில்லை மச்சான். இழுத்துப் போட்டால் வந்த மாதிரிதான் இருக்கும். பாடினது பழைய ஃபோல்டரிலேயே உட்கார்ந்திருக்கும், புதிய ப்ராஜெக்டில் அதன் விலாசம் மட்டும்தான் இருக்கும். ஃபைலையும் சேர்த்துக் காப்பி எடு என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, அதில் ஒரு டிக் போட்டிருந்தால் போதும். நீயா போடுவாய்? அப்புறம் வேலப்பன்சாவடி காலேஜ் பையன்கள் பாட்டு ரெகார்ட் செய்ய வந்தார்கள். இடம் பத்தவில்லை என்று அம்மன் பாட்டு ஃபோல்டரையே அழித்துவிட்டாய். விலாசம் இருக்கிறது, வீடு இல்லை.

ஆவடி மார்க்கெட் பக்கம் அழிந்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்று இருக்கிறது. டிஸ்கைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அண்ணாத்தே, அழிச்ச எடத்துமேல எவ்ளோ பாட்டு ரெகார்ட் பண்ணிகீறாங்கோ பாரு. பலகைய தொடச்சிட்டு மேல எழுதிட்டு, அடில இன்னா இருந்துச்சுன்னா நான் எங்க போறது?" இன்னொரு தடவை பாருங்கள் என்று கெஞ்சினேன். கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு தடவையும் பார்த்தார். இல்லை.

உன்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஊரில் இருக்கிறவன் வேலையை எல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்ளத் தெரிந்தவனுக்கு, சொந்தப் பாட்டை ஒழுங்காகக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியவில்லையே. அன்றைக்கும் அதுதானே செய்தாய்? யாரோ ஊருக்குப் போகிறான் என்று அவன் ஷிஃப்டையும் நீயே பார்த்தாய். மிஷின் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய் என்றார்கள். மலருக்கு அப்போது ஏழாம் மாதம். யோசித்தாயா? கொஞ்சமாவது யோசித்தாயாடா?

நானே பாடிவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். மெட்டு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. டோலக் வாசித்த அன்று நம்மிடம் இருந்தது ஒரே ஒரு ஹெட்ஃபோன். அதை நீ மாட்டிக்கொண்டு கதவோரம் நின்று, காதில் கேட்கிற உன் பாட்டோடு சேர்ந்து, எனக்குத் தாளம் தப்பாமல் இருக்க மெதுவாக முனகினாய். டோலக் தட்டுகிறவன் காதில் வார்த்தை எங்கே விழும்? மலர் தினமும் கேட்டாள், "ஒரு வரியாவது ஞாபகம் இல்லையாண்ணா?" அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து காட்டுப்பாக்கத்தில் என் வீட்டிலேயே கிடந்தேன்.

நேற்று சாயங்காலம் மனசு கேட்காமல் மறுபடி உன் அறைக்குப் போனேன். குரல்தான் போயிற்று, டோலக்கையாவது மண்டபத்தில் போடலாம், அப்பாவும் மாமனும் சேர்ந்து செய்த பாட்டின் தாளம் இது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புதிதாக ஒரு ப்ராஜெக்ட் திறந்து டோலக் ட்ராக்கை அதற்குக் கொண்டுபோனேன். நான் டிக் போட்டேன். முழுசாக வந்து சேர்ந்ததா என்று பார்க்க, சத்தத்தை ஏற்றி வைத்துக் கடைசிவரை கேட்டேன்.

பாட்டின் நடுவில் டோலக் கொஞ்ச நேரம் நிற்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் அங்கே தட்டாதே என்றாய். ஏன் என்று சொல்லவில்லை. மறுபடி எங்கே பிடிப்பது என்று தாளம் எண்ணிக்கொண்டிருந்ததில் அப்போதும் வார்த்தை என் காதில் ஏறவில்லை. அந்த இடம் வந்தது. முதலில் ஃபேன் சத்தம். அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து கேட்பது போல, நீ.

"அப்பன் வர லேட்டானா
மாமன் மடியில தூங்கு கண்ணு,
மாமன் மடியில தூங்கு."

டோலக்குக்கு வைத்த மைக்கில் நீ விழுந்திருக்கிறாய் மச்சான். மறுபடி டோலக் தொடங்குகிறது, நீ அதற்கு அடியில் போய்விடுகிறாய். எவ்வளவோ முயன்றுவிட்டேன். மீதிப் பாட்டைப் பிரிக்க முடியவில்லை. இனி கிடைக்கப்போவதும் இல்லை.

திரும்பிப் பார்த்தால் மலர் குழந்தையோடு வாசலில் நிற்கிறாள். "இன்னொரு தபா போடுண்ணா" என்றாள். போட்டேன். "இந்த மனுஷன் தாலாட்டுலகூட லேட்டாவும்னுதான் சொல்லிகீறாரு!" என்று சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துச் சிரிக்கிறாள்! சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்தாள், நிறுத்தவே முடியவில்லை. யாழினி அவள் மடியிலிருந்து இறங்கித் தவழ்ந்து வந்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

உனக்குத் தெரிந்திருந்ததா? இல்லை, வழக்கமான ஓவர்டைமை நினைத்துத்தான் பாடினாயா? மச்சான் மச்சான் என்று சும்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு நிஜ மச்சானாகவே ஆனாய். போகும்போது என்னையும் நிஜ மாமனாக்கிவிட்டுப் போய்விட்டாய். இதற்கு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் என் மடியில்தான் உட்காருவாள். ஆசாரி ஊசியை எடுக்கும்போது அந்த மூன்று வரியைப் போடுவேன். அவள் அழுவாள், நானும் அழுவேன், ஆனால் கையை விடமாட்டேன். அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே. நீ எவ்வளவு வேண்டுமானாலும் லேட்டாக வா மச்சான்.

இப்படிக்கு,
யாழினியின் தாய்மாமன்,
உன் மச்சான் பாபு