பூஜோவுக்கு அப்புறம், சகலை

அன்புள்ள சகலை,

அங்கே காலைக் காபி கிடைக்கிறதா? இங்கே எனக்குத் தினமும் கிடைக்கிறது. குடித்து முடிப்பதற்குள் போனில் கூப்பிட்டுத் திட்டத்தான் ஆளில்லை. அதனால் ருசியுமில்லை.

வீட்டு நடப்பைச் சொல்கிறேன். உங்கள் கொழுந்தியாள், அதாவது என் மனைவி, சௌக்கியம். என் தொப்பை அவளைவிட சௌக்கியம். அலிப்பூர் ஆபீஸில் லிஃப்ட் மறுபடி படுத்துவிட்டது. மாடியேறி மூச்சு வாங்கும்போதெல்லாம் உங்கள் நினைவு வருகிறது. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டர் என் இதயத்துக்கு எழுதிக்கொடுத்த டிரெட்மில் டெஸ்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுடையது, அதனால்தான்.

பக்கத்தில் நின்று இதைப் படிப்பவர்களுக்காக நம் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அக்காவை நீங்களும் தங்கையை நானும் கட்டியதுபோக, நம் வேலைகளையும் மாற்றிக் கட்டிக்கொண்டோம். செய்ய வேண்டிய உங்கள் வேலைகள் என் தலையில், என்னுடையவை உங்கள் தலையில். தன் சோம்பலை மன்னிக்கிறவன் அடுத்தவன் சோம்பலை மன்னிக்கவே மாட்டான் என்பது உங்கள் கண்டுபிடிப்பு. தினமும் காலையில் ஹவுராவிலிருந்து உங்கள் போன் வரும். விரட்டலாம், கேலி செய்யலாம், செய்து மட்டும் கொடுக்கக் கூடாது. உங்கள் ஒழுகும் குழாய்க்கு நானே ஆள் அனுப்பியபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினீர்கள். "என் குழாய் ஒழுகட்டும் சகலை. உங்க வேலை வாயோட சரி."

"டெஸ்ட் என்னாச்சு?"

"பூஜோவுக்கு அப்புறம், சகலை."

"எந்த வருஷத்துப் பூஜோ?"

இந்த ஊரில் பல்வலிகூட துர்கா பூஜைக்கு அப்புறம்தான் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

மழைக்காலத்தின் நடுவில் நீங்கள் போய்விட்டீர்கள். நியூ டவுனிலிருந்து மகள் வந்தாள். என் மறதியைப் பார்த்து, வேலைகளைக் குறித்துவைக்கும் ஒரு ஆப்பை என் போனில் ஏற்றினாள். நல்ல ஆப்தான். அதன் மரியாதைதான் தாங்கவில்லை. நேரத்துக்கு மணியடிக்கிறது. முடியவில்லையா, பரவாயில்லை, நாளைக்கு மாற்றட்டுமா என்கிறது. நானே இன்னொருவனாகப் பிறந்து வந்து என்னை மன்னிப்பதுபோல இருக்கிறது.

"மணியடிச்சா அணைச்சிடறே. தூர் பாபா!" என்றாள் மகள். அவளுக்குக் கோபமெல்லாம் வங்காள மொழியில்தான் வரும்.

"அது திட்டவே மாட்டேங்குதேம்மா."

"மெஷின் எதுக்குப்பா திட்டணும்? வேற என்ன வேலை இருக்கு, சொல்லு. ஏத்திடறேன்."

சொல்லிக்கொண்டே வந்தேன். கரண்ட் பில், பல் டாக்டர், கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாற்றுவது...

"நீதான் கண்ணாடியே போடறதில்லையே" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "அது பெரியப்பாவோடதுப்பா."

அவள் அதை ஏற்றவுமில்லை, வேண்டாமென்று சொல்லவுமில்லை.

அலுப்பாக இருக்கிறது சகலை. மாடிப்படி அலுப்பில்லை. என் வேலைகளை நானே சுமக்கிற அலுப்பு. முழுக்க ஆப்புக்கே மாறிவிடலாமா? மாறினால் உங்கள் கண்ணாடியை எங்கே வைப்பது? மாறாவிட்டால் என்னை யார் விரட்டுவது? இதிலேயே பூஜையும் வந்து போய்விட்டது.

போன வாரம் காலையில், நீங்கள் கூப்பிடும் அதே வேளையில், உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது. முதல் மணியிலேயே எடுத்தேன். அக்கா.

"டெஸ்ட் என்னாச்சு மாப்ளே?"

"பூஜோவுக்கு..."

"துர்க்கை கங்கையில கரைஞ்சு போயாச்சு. மேல சொல்லுங்க."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தினமும் பக்கத்துல நின்னு காபி ஆத்தினது யாராம்?" பிறகு குரல் இறங்கியது. "என்னோடது ஒண்ணு இருக்கு. நீங்க வச்சுக்கறீங்களா?"

நீங்கள் போனதிலிருந்து அக்கா தெருமுனையைத் தாண்டவில்லை. தங்கை வீட்டுக்கு வரவேண்டுமென்றால் படகில் ஆற்றைக் கடக்க வேண்டும். "லாஞ்ச்ல தனியா ஏறணும். அவர் கையைப் பிடிக்காம ஒரு நாளும் ஏறினதில்ல. பலகைல கால் வைக்கறதை நினைச்சாலே உதறுது."

"நான் வந்து கூட்டிட்டு..."

"சட்டம் தெரியாதா உங்களுக்கு?"

சனிக்கிழமை என்று முடிவாயிற்று. அக்கா தனியாக இக்கரையில் பாபுகாட் படித்துறைக்கு வந்து இறங்குவார். அங்கிருந்து என்னை டெஸ்ட்டுக்கு நடத்திப் போவார். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, நான் நிஜமாகவே ஓடுகிறேனா என்று காதால் கேட்டு உறுதி செய்துகொள்வாராம். உங்களிடம் இவ்வளவு கொடுமை இருந்ததில்லை.

ஆப்பை எடுத்துவிட்டேன். மகள் முறைத்தாள். உங்கள் கண்ணாடி என் தலையிலேயே இருக்கட்டும், அது பெரிய பாரமில்லை.

ஒரு சத்தியம் செய்கிறேன் சகலை. சனிக்கிழமை முன்கூட்டியே போய் பாபுகாட் படியில் நிற்பேன். அக்கரைக்குப் போய் அழைத்துவர மாட்டேன். லாஞ்ச் கரை சேர்ந்து, பலகையில் அக்கா தயங்கும்போது என் கை தானாக நீளப் பார்க்கும். பாக்கெட்டுக்குள் திணித்துக்கொள்வேன். வாய் மட்டும் விரட்டும். பலகையில் நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டால், அந்தச் சட்டம் உங்களுக்கும் பொருந்துமா என்று நான் கேட்கப் போவதில்லை.

இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்
உங்கள் சகலை