உப்பு போட்ட பிறகு

சேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர் அருகில்,
24-7-83

அன்பு மகள் ராஜமேரிக்கு அம்மா மதலேனம்மாள் எழுதுவது. நாக்பூரில் நீயும் உன்னோடு நர்ஸ் படிப்புப் படிக்கும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. போன வருஷம் பொய்த்த மழை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. மேலத்தெருக் கிணறுகளே வறண்டு கிடக்கின்றன, நம் பாட்டைக் கேட்பானேன். ஒரு வேளைக் களியோடு சரி. அப்பா அரூர்ப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போகிறார், இருமல் விட்டபாடில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்குச் சத்துணவு சமையல் வேலை கிடைத்ததை ஈஸ்டர் சமயத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அந்தச் சந்தோஷம் அதோடு போயிற்று. சேரிக்காரி ஆக்கிய சோறு தங்கள் பிள்ளைகள் வாயில் படக்கூடாது என்று மேலத்தெருவில் சொல்லிவிட்டார்கள். பிறகு அவர்களே ஒரு வழியும் சொன்னார்கள். நான் அரிசி புடைக்கலாம், விறகு பிளக்கலாம், அடுப்பு மூட்டலாம், உலையில் உப்பு போடுவதும் அதற்குமேல் கரண்டி பிடிப்பதும் மட்டும் அவர்கள் தெருப் பெண் செய்யட்டும் என்று. வேகாத அரிசிக்குத் தீட்டு இல்லையாம், உப்பு போட்ட பிறகுதானாம். முடியாது என்றேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காமராசர் போட்ட மதியச் சோற்றுக்காகத்தான் உன் ஆயா என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள், அதனால்தான் இன்று உனக்கு நானே எழுதுகிறேன். அன்று ஆக்கியது அவர்கள், தின்றது நாங்கள். இன்று திருப்பிப் போட்டதும் அவர்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அன்றிலிருந்து மேலத்தெருப் பிள்ளைகள் மத்தியானம் தண்ணீரைக் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அவர்களுக்கும் சேர்த்துத்தான் வடிக்கிறேன்.

காமராசர் பிறந்த நாளன்று சவுரியப்பன் வாத்தியார் அவர் படத்தையும் அம்பேத்கர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாட்டை உயர்த்திய தலைவர்கள் என்று பேச்சுப் போட்டி வைத்தார். மேலத்தெருக் காளியப்பன் மகள் தீர்த்தம்மாள், மூன்றாம் வகுப்பு, படிக்க வரும் பிள்ளை பசியோடு இருக்கக்கூடாது என்று காமராசர் சோறு போட்டார் என்று கணீரென்று பேசினாள். கைதட்டல் ஓய்வதற்குள் சுருண்டு விழுந்தாள். முந்தின நாளிலிருந்து வயிற்றுக்கு ஒன்றும் இல்லையாம். சமையல் கொட்டகையிலிருந்து ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தேன், கண்ணைத் திறந்ததும் கஞ்சி கொடுத்தேன், பிறகு சோறு கேட்டாள், தட்டில் போட்டேன், அள்ளி அள்ளித் தின்றாள். அன்று சாயங்காலம் காளியப்பன் கரண்டிக் காம்பைக் காய்ச்சி அவள் வலது உள்ளங்கையில் சூடு வைத்துவிட்டான். பெற்ற மகள் கை, ராஜமேரி. எழுதப்பட்ட சட்டம் எல்லாம் இருக்கிறது, அதை அவன் அடுப்படிவரை கொண்டுபோக ஆள்தான் இல்லை. வாத்தியார் போலீசுக்குப் போகலாம் என்றார், மேலத்தெருவில் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை.

நீ உப்பை விட்டுக்கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை கை வெந்திருக்காது என்கிறார் அப்பா. நான் விட்டுக்கொடுத்தால் அவள் கை பிழைக்கும், ஆனால் நம் கைக்குத் தீட்டு என்பதை நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஜெபமாலை சொன்னாலும் மனம் அதிலேயே நிற்கிறது.

முந்தாநாள் பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்தேன். கையில் துணி சுற்றியிருந்தது. மணி அடித்ததும் வேப்பமரத்துக்குப் போகாமல் நம் பிள்ளைகள் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். சோறு போட்டேன், கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். பிறகு, “கை எரியுதுங்க, ஊட்டி வுடுங்க” என்றாள். பிசைந்து ஊட்டினேன். தட்டைக்கூட என்னிடமிருந்து வாங்காதே என்று சூடு வைத்தான், இப்போது என் விரல் அவள் வாய்க்குள் போகிறது. இது தெரிந்தால் அடுத்து வாயில் வைப்பானோ என்று ஒவ்வொரு கவளத்துக்கும் தோன்றியது, ஆனாலும் நிறுத்தவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ராத்திரி டூட்டி என்றால் தனியாக நடக்காதே. மாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். சீழ் கோத்த தீப்புண்ணுக்கு என்ன களிம்பு போடுவது என்று மறக்காமல் உடனே எழுது. நாளை திங்கட்கிழமை, அவள் வருவாள்.

உன் அம்மா,
ச. மதலேனம்மாள்