இரண்டு நீலப் பூத்தொட்டிகள்

அன்புள்ள செடிக்காரிக்கு,

நான் நலம். மலை முகாம் முடிந்து மூன்று வாரமாகியும் நீ திரும்பவில்லை. போயிருக்கிறாளா, போயே விட்டாளா என்று தெருவே கேட்கிறது. எனக்கே தெரியாததை அவர்களிடம் எப்படிச் சொல்வது? அது கிடக்கட்டும். இங்கே வேறொரு குழப்பம், உட்கார்ந்துகொண்டு படி.

என் பொறுப்பில் நீ விட்டுப்போன இரண்டு தொட்டியிலும் ஒரே மாதிரி நீலப் பூ. ஒன்று சாக்கடையோரமெல்லாம் முளைப்பது. மற்றது உலகத்திலேயே நாற்பத்தொரு செடிதான் மிச்சம் என்று விரல் நீட்டி எச்சரித்தாய். இலைக்கு அடியில் ரோமம் இருந்தால் அதுதான் அரியது என்றாய். கண்ணாடி போட்டுப் பார்த்தால் இரண்டிலும் ரோமம்; கழற்றினால் இரண்டும் என் தலை மாதிரி வழுக்கை.

சரி, மூளையைப் பயன்படுத்துவோம் என்று இறங்கினேன். வினையே அங்கேதான். அழியப்போகிற செடி நோஞ்சானாகத்தானே இருக்கும்? வாடி நின்றதைப் படுக்கையறை சன்னலில் வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊட்டினேன். கொழுகொழுவென்று நின்றதைக் கீழ்வீட்டுத் தையல்காரிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

நேற்று உன் ஆய்வகத் தோழி வந்தாள். இலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அண்ணா, ரெண்டு மாசமா களைக்கு வைத்தியம் பார்த்திருக்கீங்க என்றாள். அப்படியானால் அரியது ஏன் அவ்வளவு திடமாக இருந்தது என்று கேட்டேன். அதற்கு ஒரு நோயும் இல்லையாம். அது நின்ற மலைச்சரிவை வெட்டி ரோடு போட்டுவிட்டார்களாம். தனக்கென்று ஓர் இடம் இருந்தால் அதுபாட்டுக்குத் தழைக்குமாம்.

தையல்காரியிடம் ஓடினேன். மெஷினுக்குப் பக்கத்தில் பதினாறு பூவோடு நிற்கிறது! திருப்பிக் கேட்டால், நல்லா இருக்கிற பிள்ளைய உங்க கையில ஏன் கொடுக்கணும், அக்கா வந்து கேட்கட்டும் என்று சிரிக்காமல் சொல்லிவிட்டாள்.

நேற்றிலிருந்து மண்டை குழம்பிக் கிடக்கிறது. எனக்குத் தும்மல் வந்தாலே வீட்டைத் தலைகீழாக்குவேன். உன்னைப் பற்றி மட்டும், அவளுக்கென்ன, கல்லு மாதிரி ஆள் என்று இருபது வருடமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

உன் மேசையை அடைத்துக்கொண்டிருந்த என் ஓட்டை ரேடியோக்களை எல்லாம் இன்று காலை அப்புறப்படுத்தினேன். அடியில் உன் பூதக்கண்ணாடி கிடந்தது. துடைத்து வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் இவ்வளவு வெளிச்சம் வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

தையல்காரி செடியை உன் கையில்தான் தருவாளாம். அதற்காகவாவது ஒரு நடை வந்துவிட்டுப் போ. போவதைப் பற்றி வந்தபிறகு பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
எங்கும் முளைக்கும் இனத்தைச் சேர்ந்த
உன் கணவன்