பேய் வருமுன் ஒரு வரி

ஞாயிறு, இரவு.

மனைவி மேரியுடன் நாகர்கோவிலில் மதியம் பேய்ப்படம் பார்த்தேன். இருட்டு வீட்டில் கதாநாயகன் சிகரெட் பற்றவைத்தான். அவனுக்குப் பின்னால் கதவு மெல்லத் திறந்தது. தியேட்டரே மூச்சை அடக்கியிருந்தது. திரையின் அடியில் எழுத்து வந்தது. நான் வாசித்து முடிக்கும்வரை எந்த வரியும் இதுவரை நின்றதில்லை. அவசரத்தில், முதியோர் எழுத்தறிவு வகுப்பில் வாசிப்பதுபோலவே உரக்க வாசித்துவிட்டேன்: “புகை பிடித்தல் புற்றுநோயை உண்டாக்கும்.”

“சும்மா இரியும், பேய் வருது!” என்றாள் மேரி.

“கொல்லதுக்குப் பேய் நிக்குது பாட்டா, புத்துநோய் எதுக்கு?” என்றான் முன்வரிசைக்காரன்.

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் பேய் பாய்ந்தது. சிரித்த வாய்களே அலறின. முன்வரிசைக்காரன்தான் அதிகம் அலறினான்.

பஸ்ஸில் மேரி கேட்டாள்: “நீரு பயப்படல்லியா?”

பயந்தேன். பேய் பாய்ந்தபோது திரையின் அடியில் “உயிரைக் கொல்லும்” என்பது இன்னும் வாசிக்கப் பாக்கி இருந்தது. மறைவதற்குள் அதையும் வாசித்தேன். பேயைத்தான் பார்க்கவில்லை.